ஒருவன், மூவர், நால்வர்

1986-இல் வந்த முதல் 'டிராகன் குவெஸ்ட்' வீடியோ கேமின் நாயகனுக்குப் பக்கவாட்டில் திரும்பத் தெரியாது. மேலே போனாலும் கீழே போனாலும், இடம் வலம் எங்கே நகர்ந்தாலும், முகம் மட்டும் ஆடுபவரையே பார்த்திருக்கும். ஜப்பானிய ரசிகர்கள் இதற்கு 'நண்டு நடை' என்று பெயர் வைத்தார்கள். அவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று கேமுக்கே தெரியாது. அதனால் எதிரில் நிற்கும் காவலாளியிடம் பேசவேண்டுமானாலும் 'பேசு' என்ற கட்டளையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வடக்கா தெற்கா கிழக்கா மேற்கா என்றும் சொல்லவேண்டும். படிக்கட்டின் மேல் போய் நின்றால் போதாது. இறங்குவதற்கும் தனியாக ஒரு கட்டளை உண்டு.

எட்டு மாதம் கழித்து, 1987 ஜனவரி 26 அன்று, இரண்டாம் பாகம் வந்தது. நாயகன் நாலு திசையிலும் திரும்பினான். படியில் கால் வைத்ததும் தானே இறங்கினான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையாக நடந்தார்கள். 1988 பிப்ரவரி 10-இல் மூன்றாம் பாகம். அதில் நால்வர், நாயகனோடு போகும் மற்ற மூவர் யார் என்பதை ஆடுபவரே முடிவு செய்தார். முதல் பாகம் கடைக்கு வந்தது 1986 மே 27. ஆக, இத்தனையும் நடந்து முடிய 21 மாதம்கூட ஆகவில்லை.

அடுத்த பாகம் என்றால் முந்தையதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்பது வீடியோ கேம் தொழிலின் பழைய நம்பிக்கை. அந்த அளவுகோலுக்கு இந்த மூன்று கார்ட்ரிட்ஜ்களைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது. முதலாவதில் 64 கிலோபைட், இரண்டாவதில் 128, மூன்றாவதில் 256. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. ஆனால் இந்தக் கணக்கால் விளக்க முடியாத ஒன்று இருக்கிறது. இரண்டாம் பாகத்தை ஆடியவர்கள் அதன் கடைசிக் கட்டத்தை இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நினைவுகூர்கிறார்கள். அவர்களில் பலரும் மூன்றாவதைத் தொடரின் உச்சம் என்கிறார்கள். இரண்டு தடவையும் அளவு இரட்டித்ததே, பிறகு ஏன் இந்த வேறுபாடு? நாயகன் செத்து விழும்போது பழி யார்மேல் விழுகிறது என்று கேட்டுப் பார்த்தால், மூன்று பாகங்களும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. முன்னேற்றத்தை அளக்க வேறு எந்தக் கணக்கையும்விட இந்தக் கேள்விதான் உதவுகிறது.

தொடரின் மூளை யூஜி ஹோரீ. 1954-இல் அவாஜி தீவில் பிறந்தவர். வசேதா பல்கலைக்கழகத்தில் மங்கா வரைவோர் சங்கத்தில் இருந்தவர், பிறகு பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவர். கணினி ஒன்றை வாங்கி நிரலெழுதத் தானாகவே கற்றுக்கொண்டார். தொடரை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனத்திடம் அந்த நாளில் சொந்தமாக நிரலாளர்கள் கிடையாது. ஆள் பிடிப்பதற்காக அது 1982-இல் கேம் எழுதும் போட்டி ஒன்றை அறிவித்தது. ஹோரீ ஒரு டென்னிஸ் கேமை அனுப்பினார். கோயிச்சி நகமுரா என்ற பள்ளி மாணவர் 'டோர் டோர்' என்ற கேமை அனுப்பினார். இருவருக்கும் பரிசு கிடைத்தது. 1983-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கணினிக் கண்காட்சிக்குப் போனபோது அவர்கள் கண்ணில் பட்டது 'விஸார்ட்ரி'.

அப்போது அமெரிக்கக் கணினிகளில் ஆர்.பி.ஜி., அதாவது பாத்திரமேற்று ஆடும் கேம், என்றால் இரண்டு பெயர்கள்தான் முன்னால் நின்றன. ஒன்று, ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் எழுதிய விஸார்ட்ரி: ஆறு பேர் கொண்ட குழு, கோட்டுருவத்தில் விரியும் சுரங்கம், செத்த ஆளை எழுப்பும் முயற்சி தோற்றால் அவர் நிரந்தரமாகவே போய்விடக்கூடும். இன்னொன்று ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா': மேலிருந்து பார்க்கும் உலகப் படம், ஊர்கள், கடல்கள். இரண்டும் 1981-இல் வெளிவந்தவை. இரண்டுக்கும் அடுத்தடுத்த பாகங்கள் அதற்குள் வந்திருந்தன. விஸார்ட்ரியின் இரண்டாம் பாகம் 1982-இல் வந்தது. அதை ஆட, முதல் பாகத்தில் வளர்த்த வீரர்களை அப்படியே கொண்டுவரவேண்டும். புதிதாக வருபவருக்கு அதில் இடமே இல்லை. தொடர்ச்சி என்பது பழைய ரசிகருக்குத் தரும் கூடுதல் வேலை என்றுதான் அன்று கருதப்பட்டது.

ஹோரீக்கு முன்னால் இருந்த கூட்டம் முற்றிலும் வேறு. 1985 செப்டம்பரில் வந்த சூப்பர் மாரியோவில் குதித்துப் பழகிய சிறுவர்கள் அவர்கள். கையில் ஒரு சிலுவைப் பொத்தானும் இரண்டு வட்டப் பொத்தான்களும் கொண்ட ஃபேமிகாம் என்ற கேம் கருவி. விரல் வேகம் இருந்தால் போதும், வெற்றி நிச்சயம் என்பது அவர்களுடைய அனுபவம். எண்களைப் படித்து, பணம் சேர்த்து, ஆளை மெல்ல வளர்த்து ஜெயிப்பது என்றால் என்னவென்றே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஹோரீ விஸார்ட்ரியிலிருந்து சண்டையை எடுத்துக்கொண்டார், அல்டிமாவிலிருந்து நிலப்படத்தை எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டிலிருந்தும் வெட்டத் தொடங்கினார். குழு வேண்டாம், ஒருவன் போதும். எதிரிகளும் ஒரு தடவைக்கு ஒன்றுதான்.

வெட்டியதில் பாதி கட்டாயத்தால் வந்தது. 64 கிலோபைட்டில் உலகம், அரக்கர்கள், இசை, வசனம் எல்லாம் அடங்கவேண்டும். ஜப்பானிய எழுத்துகளுக்கே இடம் போதவில்லை. கதகானா என்ற எழுத்துவகையில் 20 எழுத்துகள் மட்டும் சேர்க்கப்பட்டன. மந்திரங்களின் பெயரும் அரக்கர்களின் பெயரும் ஊர்ப் பெயரும் அந்த 20-க்குள் அமையும்படி பார்த்து வைக்கப்பட்டன. அரக்கர்களை வரைந்த மங்கா கலைஞர் அகிரா தொரியாமா அப்போது 'டிராகன் பால்' வரைந்துகொண்டிருந்தார். ஹோரீ கிறுக்கிக் கொடுத்த சேற்றுக் குட்டை போன்ற பிராணியை அவர் துளி வடிவில், கொட்டைக் கண்ணும் சிரித்த வாயுமாக மாற்றினார். ஸ்லைம் என்ற அந்த அரக்கன்தான் பின்னாளில் தொடரின் முகமானான். இசைக்கு வந்தவர் கோயிச்சி சுகியாமா. எனிக்ஸின் ஷோகி (ஜப்பானியச் சதுரங்க) கேம் ஒன்றைப் பற்றிக் கருத்து அட்டை எழுதி அனுப்பிய 50 வயது கடந்த இசையமைப்பாளர் அவர். அந்த அட்டைதான் அவரை இங்கே கொண்டுவந்தது.

மீதிப் பாதி, திட்டமிட்ட பாடம். கேம் தொடங்குவது அரசவையில். கதவு பூட்டியிருக்கிறது. அறையிலேயே பெட்டிகள், ஒன்றில் சாவி. பெட்டியைத் திறந்து, சாவியை எடுத்து, கதவைத் திறந்து, படியில் இறங்கினால்தான் வெளியே போக முடியும். அதற்குள் தேவையான கட்டளைகளை ஆடுபவர் ஒரு முறை கையாண்டு முடித்திருப்பார். கையேட்டைப் புரட்டும் வேலை இல்லை. வெளியே வந்ததும் நீருக்கு அப்பால் ஒரு கோட்டை தெரியும். கடைசி எதிரியான டிராகன் அரசன் இருக்கும் இடம் அதுதான். கதையின் முடிவு முதல் நிமிடத்திலேயே கண்ணில் படுகிறது, போக மட்டும் வழியில்லை. பாலங்கள் எல்லையாக வைக்கப்பட்டிருந்தன: ஒரு பாலத்தைக் கடந்தால் எதிரிகள் வலுக்கிறார்கள், அடி பலமாக விழுகிறது, திரும்பிவிடலாம் என்று தோன்றுகிறது.

செத்தால்? அரசன் முன்னால் மறுபடி எழுப்பப்படுவான். கையிருப்புப் பொன்னில் பாதி போய்விடும். சேர்த்த அனுபவம் அப்படியே இருக்கும். விஸார்ட்ரியோடு ஒப்பிட்டால் பெரிய கருணை. முதல் பாகத்தில் சாவுக்கு ஒரே காரணம், ஒரே மருந்து: லெவல் போதவில்லை, இன்னும் கொஞ்சம் சண்டைபோட்டு ஏற்று. ஆடுபவர் தப்புச் செய்ய அதில் இடமே குறைவு. உச்ச லெவல் 30. கடைசியில் டிராகன் அரசன் பாதி உலகத்தைத் தருகிறேன், என் பக்கம் வா என்று அழைக்கும்போது 'சரி' என்று சொல்லிவிடலாம். அத்தோடு பயணம் முடிந்துவிடும். அந்த கேமில் உண்மையான தேர்வு என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய அது ஒன்றுதான்.

ஒரே ஒரு துன்பம் மட்டும் ஆடுபவர் செய்த தவறால் வந்தது. அது கேமுக்கு வெளியே, நோட்டுப் புத்தகத்தில் நடந்தது. கார்ட்ரிட்ஜில் ஆட்டத்தைச் சேமிக்க வழியில்லை. அதற்குப் பதிலாக அரசன் 'உயிர்ப்பு மந்திரம்' என்று 20 ஹிராகானா எழுத்துகளைச் சொல்வான். ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று என்று அவை அடுக்கப்பட்டிருக்கும். அதை எழுதிவைத்து, அடுத்த முறை அப்படியே தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மங்கலான பழைய டி.வி. திரையில் சில ஹிராகானா எழுத்துகளைப் பிரித்தறிவது பெரும்பாடு. ஒரு புள்ளிக்கும் ஒரு சிறு வட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதினால் வாரக்கணக்கில் வளர்த்த வீரன் போனான்.

விற்பனை மெதுவாகத்தான் தொடங்கியது. சூடு பிடிக்க வைத்தது 'ஷோனென் ஜம்ப்' வார இதழ். அதில் 'ஃபேமிகாம் ஷின்கென்' என்ற கேம் பகுதி வந்துகொண்டிருந்தது. அதற்கு எழுதியவர்களில் ஹோரீயும் ஒருவர். தன் கேமைத் தானே விளக்கும் வசதி எத்தனை படைப்பாளிகளுக்குக் கிடைக்கும்! தொரியாமாவின் பெயரைப் பார்த்து வந்த சிறுவர்கள், ஆர்.பி.ஜி. என்பதை எப்படி ஆடுவது என்று வாரா வாரம் இதழில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். ஜப்பானில் சுமார் 15 லட்சம் பிரதிகள் விற்றன.

அப்படிப் பாடம் படித்தவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் இரண்டாம் பாகம் எழுந்தது. முதல் நாயகனின் வம்சத்தில் வந்த மூவர்: லோரேசியாவின் இளவரசன், சமால்டிரியாவின் இளவரசன், மூன்புரூக்கின் இளவரசி. முதலாமவனுக்குக் கைவலு உண்டு, மந்திரம் வராது. இளவரசிக்கு மந்திரம் உண்டு, உடம்பு தாங்காது. நடுவிலவன் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம். எதிரிகளும் கூட்டமாக வந்தார்கள். யார் யாரை அடிப்பது, யார் காப்பது என்று யோசிக்கவேண்டியதாயிற்று.

இந்த மூவரில் நடுவிலவனைச் சேர்ப்பதே ஒரு வேடிக்கை. அவன் ஊருக்குப் போனால் அங்கே இல்லை என்பார்கள். குகைக்குப் போனால் இப்போதுதான் கிளம்பினான் என்பார்கள். கடைசியில் ஏதோ ஒரு சத்திரத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பான். இளவரசியை ஒரு நாயாக மாற்றிவைத்திருக்கிறார்கள். மாயக் கண்ணாடி ஒன்றைக் காட்டித்தான் மீட்கவேண்டும். கூட்டாளி ஒருவர் கிடைப்பதையே கதையாக்கியது இரண்டாம் பாகத்தின் நல்ல காரியம். மூன்றாவதுகூட இதைச் செய்யவில்லை. பிறகு கப்பல். மூவரும் சேர்ந்து கொஞ்ச நேரத்திலேயே கப்பல் கையில் வந்துவிடும், உலகம் திறந்துவிடும். முதல் பாகத்தின் நாடான ஆலெஃப்கார்டு முழுதும் அந்தப் புதிய கடலில் ஒரு மூலையில் சின்னதாகக் கிடப்பதைப் பார்த்துத் திகைக்காதவர் இல்லை.

கப்பல் கிடைத்த இடத்தில்தான் சிக்கலும் தொடங்கியது. எங்கே போகவேண்டும் என்று சொல்ல ஆளில்லை. ஐந்து முத்திரைகளைத் தேடவேண்டும். குறிப்புகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. எந்தத் தீவில் எந்த வலுவுள்ள எதிரி இருக்கிறான் என்பதைப் போய் அடிபட்டுத்தான் அறியவேண்டும். முதல் பாகத்தில் எல்லை காட்டிய பாலங்கள் போல இங்கே எதுவும் இல்லை. உயிர்ப்பு மந்திரம் 52 எழுத்துவரை நீண்டது. மூவரின் பொருள்களையும் அனுபவத்தையும் பொதியவேண்டுமே.

முடிவில் ரோண்டார்க்கியா. இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு தலைமுறை ஜப்பானியர்கள் முகம் சுளிப்பார்கள். குகையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள், விழுந்தால் கீழ்த்தளம். ஒரே மாதிரி தோன்றும் வழிகளில் தப்பான ஒன்றை எடுத்தால் சுற்றிச் சுற்றி அதே இடம். அத்தனையும் தாண்டி மேலே பனிவெளிக்கு வந்தால், அங்கே உலவும் பனி அரக்கர்கள் ஒரே மந்திரத்தில் உயிரை எடுப்பவர்கள். குழு முழுவதும் ஒரு சுற்றில் சாகலாம். முழு உடல்நலத்தோடு, நல்ல ஆயுதத்தோடு, எந்தத் தப்பும் செய்யாமல். எல்லாம் கடந்து கடைசி எதிரியான சிடோவை அடித்து அடித்து ஓய்ந்த நேரத்தில், அவன் தனக்குத்தானே முழுக் குணமளிக்கும் மந்திரத்தைப் போட்டுக்கொள்வான்.

இதற்குக் காரணம் குரூரம் அல்ல, அவசரம். முதல் பாகம் வெளிவந்து எட்டே மாதத்தில் இரண்டு மடங்கு பெரிய கேமைத் தந்தாகவேண்டும். கடைசிப் பகுதியைத் தொடக்கத்திலிருந்து ஆடிப் பார்த்துச் சரிசெய்ய நேரமில்லாமல் போயிற்று. முதல் பாகத்தில் செத்தால் ஆடுபவர் தன் அவசரத்தை நொந்துகொண்டார். இரண்டாவதில் செத்தபோது எனிக்ஸைத் திட்டினார். அந்தக் கோபத்துக்கு ஒரு வடிகாலும் கிடைத்தது. 'ஃபேமிகாம் ஷின்கென்' எழுத்தாளர்களின் புனைபெயர்களையும் ஹோரீ, தொரியாமா பெயர்களையும் வரிசையாகத் தட்டி, மீதியை ஒரே எழுத்தால் நிரப்பினால், அதுவே செல்லுபடியாகும் உயிர்ப்பு மந்திரமாகி, 48-ஆம் லெவல் வீரன் ஒருவன் கிடைத்தான். அவனுடைய பெயரோ வாயில் நுழையாத 'மோயோமோட்டோ' மாதிரி ஒன்று. பள்ளிக்கூடங்களில் பரவிய அந்த மந்திரம் எத்தனை பேரை ரோண்டார்க்கியாவுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்ததோ! ஜப்பானில் சுமார் 24 லட்சம் விற்றது இந்தப் பாகம். விற்பனை எண் கோபத்தைக் காட்டாது.

மூன்றாம் பாகத்தைத் திறந்தால் தலைப்புத் திரைகூட இல்லை. கறுப்புப் பின்னணியில் வெறும் எழுத்து. முன்னோட்டக் காட்சிக்கு ஒதுக்கவேண்டிய நினைவகத்தையும் பிடுங்கி கேமுக்குள் போட்டுவிட்டார்கள். 256 கிலோபைட் இருந்தும் இடம் போதவில்லை. அந்த இடத்தை எதற்குச் செலவிட்டார்கள் என்று பார்த்தால், இரண்டாம் பாகத்தின் குறை ஒவ்வொன்றுக்கும் அதில் பதில் இருப்பது தெரியும்.

உயிர்ப்பு மந்திரத்தைத் தூக்கிவிட்டு, கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே சிறு மின்கலம் வைத்தார்கள். மூன்று 'சாகசப் பதிவேடு'களில் ஆட்டம் சேமிக்கப்பட்டது. எழுத்துப் பிழையின் பயம் ஒழிந்தது. வேறொரு பயம் வந்தது. கார்ட்ரிட்ஜ் ஆடினாலோ மின்சாரம் துள்ளினாலோ பதிவேடு அழிந்துபோகும். அதை அறிவிக்கும்போது சபிக்கப்பட்ட ஆயுதத்தை அணிந்தால் கேட்கும் அந்தக் கொடூர இசைத்துணுக்கு ஒலிக்கும். அதைக் கேட்டு அழுத சிறுவர்கள் இன்று ஐம்பதை நெருங்கியிருப்பார்கள். இசை மட்டும் மறந்திருக்காது.

ஆனால் மூன்றாம் பாகத்தின் மெய்யான மாற்றம் ஒரு மதுக்கடையில் இருந்தது. நாயகனோ நாயகியோ, யாராகவும் தொடங்கலாம். 16-ஆம் பிறந்தநாள் காலையில் தாய் எழுப்பிவிடுகிறாள். அரசனைப் பார்த்துவிட்டு நேரே ருயீதாவின் மதுக்கடை. அங்கே ஆள் சேர்க்கலாம். போர்வீரர், மல்லர், மந்திரவாதி, பூசாரி, வணிகர், கோமாளி. பெயர், ஆணா பெண்ணா, தொழில் எல்லாம் ஆடுபவர் விருப்பம். மூன்று போர்வீரர்களைக் கூட்டிக்கொண்டு காயம் ஆற்ற ஆளில்லாமல் திண்டாடலாம். மூன்று பூசாரிகளோடு கிளம்பி ஒரு சண்டைக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். கேம் தடுக்காது.

20-ஆம் லெவலில் தர்மக் கோயிலுக்குப் போனால் தொழில் மாறலாம். லெவல் ஒன்றுக்கு இறங்கும், வலிமை பாதியாகும், கற்ற மந்திரம் மட்டும் தங்கும். பூசாரியை மல்லராக்கினால் குணமாக்கும் வித்தையோடு குத்துச்சண்டை போடுபவர் கிடைப்பார். இரண்டு வகை மந்திரமும் அறிந்த 'ஞானி' ஆகவேண்டுமானால் அரிய நூல் ஒன்று வேண்டும். ஒருவருக்கு மட்டும் விலக்கு: கோமாளி. சண்டையில் சொன்ன பேச்சைக் கேட்காமல் விளையாடிக்கொண்டிருக்கும் இந்தப் பயனற்ற ஆளை 20 லெவல்வரை சகித்து வளர்த்தால், நூல் இல்லாமலே ஞானியாவார். ஹோரீயின் நகைச்சுவையில் இதற்கு இணையாக வேறெதையும் சொல்வது கடினம்.

இங்கே குழு செத்து விழுந்தால், யோசிக்க ஆயிரம் காரணங்கள் உண்டு: பூசாரியை இவ்வளவு சீக்கிரம் மாற்றியிருக்கக்கூடாது; வணிகருக்குப் பதில் மந்திரவாதியைச் சேர்த்திருக்கவேண்டும். எல்லாம் ஆடுபவர் தானே எடுத்த முடிவுகள். மூன்றாம் பாகத்திலும் கொடிய எதிரிகள் உண்டு, உயிரெடுக்கும் மந்திரமும் உண்டு. ஆனால் பழி கேமின்மேல் விழவில்லை. பள்ளி முற்றங்களில் 'உன் குழு எது?' என்ற கேள்வி பிறந்தது இதனால்தான். முதல் இரண்டு பாகங்களில் எல்லோருக்கும் ஒரே குழு, கேட்க ஒன்றுமில்லை.

திறந்த உலகத்தையும் ஹோரீ கட்டுக்குள் கொண்டுவந்தார். மூன்றாம் பாகத்தின் உலகம் நம் பூமியின் நிழல். இத்தாலியை நினைவூட்டும் ரோமாரியா, எகிப்தின் சாயலில் இசிஸ், ஜப்பானுக்கு ஜிபாங், போர்ச்சுகலுக்குப் போர்டோகா. கப்பல் வேண்டும் என்று போர்டோகா அரசனிடம் போனால், கிழக்கே போய்க் கருமிளகு கொண்டுவா என்கிறான். மிளகு விற்கும் ஊரின் பெயர் பஹராதா. இந்தியா என்று கண்டுபிடிக்கப் பரிசு எதுவும் கிடையாது. தர்மக் கோயிலும் அதற்கு வடக்கேதான். மிளகுக்காகக் கப்பலேறிய போர்த்துகீசியர்கள் 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தது வரலாறு. ஹோரீ வரிசையைத் திருப்பிப் போட்டார்: முதலில் மிளகு, பிறகு கப்பல். தென்னிந்திய வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு சிறு புன்னகை வராமல் போகாது.

வேடிக்கைக்குப் பின்னால் கணக்கும் இருக்கிறது. மிளகைத் தேடிக் கால்நடையாக ஒரு கண்டத்தைக் கடக்கும்போது குழு தானாகவே லெவல் ஏறியிருக்கும். இரண்டாம் பாகத்தில் கப்பல் சீக்கிரம் வந்து எல்லோரையும் நடுக்கடலில் விட்டது. இங்கே கப்பல் வரும்போது அதை ஓட்டத் தகுதியான ஆட்கள் கப்பலில் இருந்தார்கள். இரவும் பகலும் மாறின. பகலில் பேசாதவர் இரவில் பேசினார், கடைகள் அடைத்துக்கிடந்தன. புதிய கண்டத்தில் ஊரமைக்க ஒரு வணிகரை விட்டுவிட்டு வரவேண்டும். அவர் பெயரிலேயே ஊர் வளரும். திரும்பிப் போகப் போகக் கடைகள் பெருகும், அவர் ஆட்டமும் பெருகும், ஒருநாள் மக்கள் அவரைச் சிறையில் தள்ளியிருப்பார்கள். பல மணி நேரம் கூட வந்த ஆளுக்கு நேர்வதால் அது உறைக்கிறது. தானே பெயர் வைத்த ஆள் அல்லவா!

கடைசித் திருப்பத்துக்குத்தான் முதல் இரண்டு பாகங்களும் தேவைப்பட்டன. பாராமோஸ் என்ற எதிரியை வீழ்த்தி ஊர் திரும்பினால், மெய்யான எதிரி சோமா வேறோர் உலகத்திலிருந்து பேசுகிறான். பெருங்குழி ஒன்றில் குதித்துக் கீழே இறங்கினால், இருளில் மூழ்கிய நாடு. கொஞ்சம் நடந்ததும் இசை மாறுவது காதில் விழுகிறது: 1986-இன் அதே பயண இசை. படமும் அதே படம். இது ஆலெஃப்கார்டு. மூன்றாம் பாகம் உண்மையில் முதல் கதை. நால்வருக்குத் தலைவராக வந்தவர்தான் இரண்டு பாகங்களாகப் பழங்கதையில் பேசப்பட்ட வீரர் லோட்டோ. முதல் பாகத்தின் சிறுமை, அந்த ஒற்றை நாடு, குறைந்த ஊர்கள், எல்லாவற்றுக்கும் இந்த இடத்தில் புதிய பயன் கிடைத்தது. முந்தைய பாகத்தைச் சிறிதாக்கிக் காட்டித் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும் தொடர்ச்சிகள் ஏராளம். முந்தையதைப் பெரிதாக்கிய தொடர்ச்சி இது.

வெளியீட்டு நாளான 1988 பிப்ரவரி 10 ஒரு புதன்கிழமை. டோக்கியோவில் கடை வாசல்களில் விடியுமுன்பே வரிசை நின்றது. இகெபுகுரோவில் நின்ற கூட்டம் செய்தித்தாள் படமானது. பள்ளிக்கு மட்டம் போட்ட மாணவர்கள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள். வாங்கி வந்த சிறுவர்களிடமிருந்து கார்ட்ரிட்ஜைப் பிடுங்கிய சம்பவங்களும் நடந்தன. டிராகன் குவெஸ்டை வேலைநாளில் வெளியிடக்கூடாது என்று ஜப்பானிய நாடாளுமன்றம் சட்டமே போட்டது என்ற கதை மேல்நாட்டில் இன்றும் உலவுகிறது. அப்படி ஒரு சட்டம் இல்லை. எனிக்ஸ் தானாகவே விடுமுறை நாள்களுக்கு மாறிக்கொண்டது. மூன்றாம் பாகம் ஜப்பானில் சுமார் 38 லட்சம் விற்றது.

எல்லாத் தொடர்களும் இப்படி ஏணியாக ஏறவில்லை. 1987 டிசம்பரில் ஸ்கொயர் நிறுவனம் 'ஃபைனல் ஃபேன்டஸி'யை வெளியிட்டது. ஓராண்டு கழித்து வந்த அதன் இரண்டாம் பாகம் லெவல் முறையையே தூக்கி எறிந்தது. எதைப் பயன்படுத்துகிறாயோ அது வளரும். வாளைப் பிடித்தால் வாள், அடிவாங்கினால் உடல்நலம். ஆடுபவர்கள் உடனே சூட்சுமத்தைக் கண்டுபிடித்துத் தங்கள் ஆட்களையே ஒருவரையொருவர் அடிக்கவைத்து வளர்த்தார்கள். யோசனை நல்லது, ஓட்டை பெரியது. 1990-இல் வந்த மூன்றாம் பாகம் சத்தமில்லாமல் லெவலுக்கும் தொழில் முறைக்கும் திரும்பியது.

டிராகன் குவெஸ்டும் சறுக்காமல் இல்லை. 1990 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை வெளியான நான்காம் பாகம், மூன்றாவதில் தொலைந்த ஒன்றை மீட்டது: கூட்டாளிகளுக்கு ஊரும் குணமும் கதையும். ஒவ்வொருவருக்கும் தனி அத்தியாயமே கொடுத்தது. கூடவே, கடைசி அத்தியாயத்தில் நாயகனைத் தவிர மற்றவர்களுக்கு நேரடியாகக் கட்டளையிடும் உரிமையைப் பறித்தது. பொதுவான உத்தி ஒன்றைச் சொல்லலாம், மீதியை அவர்களே முடிவுசெய்வார்கள். கிளிஃப்ட் என்ற பூசாரி, உயிரெடுக்கும் மந்திரம் ஒருபோதும் பலிக்காத பெரும் எதிரிகளின்மேல் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். குணமாக்க ஆளில்லாமல் குழு சரியும்போது ஆடுபவர் செய்ய ஒன்றுமில்லை. பழி மறுபடி ஆடுபவரின் கையைவிட்டுப் போனது. அவ்வளவு அழகான கதைக்கு நடுவில் ஜப்பானியர்களுக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது கிளிஃப்டின் முட்டாள்தனம்தான். 1992-இல் ஐந்தாம் பாகம் உத்திப் பட்டியலில் 'நானே கட்டளையிடுகிறேன்' என்ற ஒரு வரியைச் சேர்த்தது. ஒரு வரிதான்.

அமெரிக்காவுக்கு முதல் பாகம் போனது 1989-இல், 'டிராகன் வாரியர்' என்ற பெயரில். அதற்குள் ஜப்பானில் மூன்றாவதே பழசாகியிருந்தது. அதனால் பிந்தைய பாகங்களின் திருத்தங்கள் முதலாவதுக்குள் திரும்பப் புகுத்தப்பட்டன. நாயகன் நாலு திசையும் திரும்பினான், மின்கலத்தில் ஆட்டம் சேமிக்கப்பட்டது. நண்டு நடையை அமெரிக்கச் சிறுவர்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் அது மூன்றாண்டு பழைய கேம்தான். விற்காமல் மிஞ்சிய பிரதிகளை நிண்டெண்டோ தன் இதழின் சந்தாதாரர்களுக்கு இலவசமாகக் கொடுத்துத் தீர்த்தது.

ஸ்கொயரும் எனிக்ஸும் 2003-இல் ஒன்றாயின. அந்தக் கூட்டு நிறுவனம் 2024 நவம்பரில் மூன்றாம் பாகத்தைப் புதிய வண்ணத்தில் மறுபடி எடுத்தது. முதலாவதும் இரண்டாவதும் ஒரே தொகுப்பாக 2025 அக்டோபரில் வந்தன. மறுவாக்கத்தில் இரண்டாம் பாகத்துக்கு நான்காவது ஆளாகச் சமால்டிரியாவின் இளவரசி சேர்ந்திருக்கிறாள். அண்ணனைத் தேடி அலைந்த பழைய ஆட்டக்காரர்களுக்கு அது நல்ல பரிசு. முதல் பாகத்தின் ஒற்றை ஆளோ இப்போது ஒரே நேரத்தில் பல எதிரிகளைச் சமாளிக்கிறான். கேள்விக்குரியது வெளியிட்ட வரிசை. கதையின் காலவரிசைப்படி மூன்று, பிறகு ஒன்று, பிறகு இரண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றில் தொடங்கும் புதியவர் பெருங்குழியில் குதித்து இறங்கும்போது, கீழே இருப்பது அவருக்கு இன்னொரு இருட்டு நாடு. மாறும் இசை, இன்னொரு இசை. 1988-இன் ஆட்டக்காரர்கள் அந்த இடத்தில் அடைந்த திகைப்பை மறுவாக்கத்தின் எந்த ஒளியாலும் அவருக்குத் தர முடியவில்லை.